துணியின் பின்பக்கம்: ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பாத்திக்

வியாழக்கிழமைதோறும் ஆசிரியர்கள் பாத்திக் (துணியில் மெழுகால் கோடு போட்டு, இடையில் சாயம் தீட்டுவது) உடுத்தி வருவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள். ஆனால் என் உடையிலிருந்த செம்பருத்தி துணியில் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "மெஷின்ல அடிச்சது டீச்சர்" என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. நான்கு வருடமாக ஓய்வு நேரத்தில் வீட்டில் பாத்திக் வரைகிறேன். அதை அப்படியே பினாங்கில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் காட்சிக்கலை வகுப்புக்குக் கொண்டுபோனேன். பன்னிரண்டு பிள்ளைகள், நான்கு வாரம்.

மெழுகுதான் முதல் கவலை. பட்டறைகளில் பாரஃபினோடு டாமார் என்ற மரப்பிசினும் சேர்ப்பார்கள். நான் பாரஃபின் இரண்டு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு கலப்பேன். பாரஃபின் மட்டும் என்றால் காய்ந்ததும் வெடித்து, அந்த வெடிப்பு வழியே சாயம் இறங்கிவிடும். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். மெழுகுச் சட்டியை அடுப்பில் நேராக வைக்காமல், தண்ணீர் கொதிக்கும் பெரிய சட்டிக்குள் இறக்கி வைத்தேன். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, மெழுகும் அளவு மீறிச் சூடேறாது. தப்பித்தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியைப் போட்டு அமுக்க வேண்டும். மூடியைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருந்தேன். அடுப்பருகே ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் விடவில்லை.

முதல் வாரம் முழுக்கச் சொட்டுகள். சாந்திங் என்பது மரப்பிடியில் பொருத்திய சின்னச் செம்புக் குப்பி. அதன் மெல்லிய மூக்கு வழியே மெழுகு இறங்கும். யோசிக்கக் கையை ஒரு நொடி நிறுத்தினால் அந்த இடத்தில் பொட்டு விழுந்துவிடும். பென்சில் பழகிய கைகளுக்கு இது பிடிபடவில்லை. அப்போது ஒரு மாணவி, "எங்க பாட்டி கோலம் போடும்போது கை நிக்கவே நிக்காது டீச்சர்" என்றாள்.

மறுநாள் கோலமாவு வாங்கிப் போனேன். நடைபாதையில் இருபது நிமிடம் சிக்குக் கோலம், அதன் பிறகுதான் சாந்திங். சொட்டுகள் பாதியாகக் குறைந்தன. இன்னொன்றும் சொல்லாமலே புரிந்துவிட்டது. சிக்குக் கோலத்தில் கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். பாத்திக்கிலும் கோடு மூடினால்தான் சாயம் வேலிக்குள் நிற்கும்.

ஆனால் இரண்டாம் வாரம் மூடிய கோடும் கசிந்தது. ஒரு மாணவன் கடலில் சம்பான் வரைந்திருந்தான். நீலம் தொட்ட ஐந்து நிமிடத்தில் கடல் படகுக்குள் புகுந்துவிட்டது. அவன் கண் கலங்கிவிட்டான். கோட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், எங்கும் இடைவெளி இல்லை. துணி மாட்டிய மரச்சட்டத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பியபோதுதான் தெரிந்தது, பின்பக்கத்தில் கோடே இல்லை. அவன் நிதானமாக வரைகிற பிள்ளை. குப்பியில் மெழுகு ஆறிப்போய், துணிக்குள் இறங்காமல் மேலே மட்டும் படிந்திருக்கிறது. சரியான சூட்டில் விழுந்த கோடு காகிதத்தில் எண்ணெய் பட்டதுபோல ஊடுருவித் தெரியும். ஆறிய கோடு வெள்ளையாகத் தடித்து நிற்கும். என் கை வேகமானது என்பதால் நான்கு வருடத்தில் ஒருமுறைகூடப் பின்பக்கம் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து ஒரே விதி: மெழுகிட்டதும் ஜன்னலருகே போய்த் திருப்பிப் பார், விட்ட இடத்தில் பின்பக்கமும் கோடு போடு, குப்பியை அடிக்கடிச் சட்டியில் முக்கு. சம்பான் பையன்தான் இப்போது மற்றவர்களுடையதைத் திருப்பிப் பார்த்துச் சொல்கிறான்.

மூன்றாம் வாரம் சாயம். தூரிகையில் முதலில் வெறும் தண்ணீர் தடவி, ஈரம் காயுமுன் ஓரத்தில் நிறம் வைத்தால் அடர்த்தி தானாக இளகிப் பரவும். இதழின் நுனியில் சிவப்பு கரைந்து இளஞ்சிவப்பானதைப் பார்த்து வகுப்பே வாயடைத்துப் போனது. அன்றுதான் சுவா தியன் தெங் பற்றிச் சொன்னேன். நம் பினாங்கில் வாழ்ந்து 2008இல் மறைந்தவர். உடுத்தும் துணியில் இருந்த இந்த முறையை 1950களிலேயே சுவரில் மாட்டும் ஓவியமாக்கியவர். "பினாங்குக்காரரா!" என்று இரண்டு முறை கேட்டார்கள்.

சாயத்தை நிலைப்படுத்தச் சோடியம் சிலிகேட் தடவுவது, மெழுகு போகக் கொதிக்க வைப்பது இரண்டையும் வீட்டில் கையுறை போட்டு நானே செய்தேன். கொதித்த நீரை வடிகாலில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். இரவு ஆறவிட்டால் காலையில் மெழுகு தட்டுபோல மேலே மிதக்கும். எடுத்துக் காயவைத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.

பன்னிரண்டில் ஒன்பது துணி நன்றாக வந்திருக்கிறது. மீதி மூன்றில் சாயம் வெளுத்துவிட்டது. அவசரத்தில் சிலிகேட்டைச் சீக்கிரமே அலசிவிட்டேன், தவறு என்னுடையது. அந்த மூவருக்கும் புதுத் துணி கஞ்சி போக அலசிக் கொடியில் காய்கிறது. திங்கட்கிழமை மறுபடி மெழுகு.