செப்டம்பர் 2 ஒரு ஜீன்

பினாங்கில் ஆய்வகத்தில் இருக்கும் தம்பி தங்கைகளே, பயோஇன்ஃபர்மேடிக்ஸ் (உயிரியல் தரவைக் கணினியில் அலசும் துறை) பயிற்சி கிடைத்தால் தரவு மேலாண்மை வகுப்பை மட்டும் தவறவிடாதீர்கள். ஆர், பைத்தான் போன்ற நிரல் மொழிகள் எல்லாம் அப்புறம்.

செப்ட்2 என்ற ஜீன் பெயரை எக்செலில் அடித்தால் செப்டம்பர் 2 ஆகிவிடும். மார்ச்1 ஜீனுக்கும் அதே கதிதான். எக்செலில் ஜீன் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இப்படிப்பட்ட பிழை இருப்பதை 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020இல் ஜீன்களுக்கே செப்டின்2, மார்ச்எஃப்1 என்று பெயரை மாற்றிவிட்டார்கள்! மென்பொருள் அசையவில்லை, மனித ஜீன் வளைந்து கொடுத்தது. அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி எக்செலில் வந்ததே 2023இல்தான்.

அதனால் மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வையுங்கள். எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது என்று ஒரு ரீட்மீயும் (விளக்கக் குறிப்புக் கோப்பு) எழுதிவிடுங்கள். நாலு பேர் சேர்ந்து இதையெல்லாம் செய்து பழகலாம் என்றால் சொல்லுங்கள், கெலுகோரில் தே தாரிக் என் செலவு.