க்ளாட் (ரத்தக்கட்டி) வந்து ஏழு வருடம்: மாத்திரையை ஏன் நிறுத்தவில்லை

முதலில் வெறும் கெண்டைக்கால் வலி, அதுவும் இடது காலில் மட்டும். தசைப்பிடிப்பு என்று சொல்லி ஒரு டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார், நானும் நான்கு நாள் அதைப் போட்டுக்கொண்டு நடமாடினேன். ஐந்தாம் நாள் மாடிப்படி பாதியில் மூச்சு முட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காலில் இருந்த ரத்தக்கட்டியிலிருந்து துண்டுகள் உடைந்து இரண்டு நுரையீரலுக்கும் ஏறியிருப்பது சிடி ஸ்கேனில்தான் தெரிந்தது. வயிற்றில் ஊசி, ஆக்சிஜன், ஆறு நாள் படுக்கை. ஆஸ்பத்திரிக் கதை எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், விட்டுவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை (பிளட் தின்னர்) கட்டியைக் கரைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது கரைப்பதில்லையாம். இருக்கிற கட்டி பெரிதாகாமலும் புதிதாக ஒன்று வராமலும் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். கரைக்கிற வேலையை உடம்பே மெதுவாக, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் செய்கிறது. இது தெரியாமல், மூன்றாவது வாரமும் மூச்சு வாங்குகிறதே, மருந்து வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று பயந்து நடு ராத்திரியில் எமர்ஜென்சிக்கு ஓடினேன். பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இப்படி மூன்று தடவை.

அப்புறம் அந்த டேப். காலையில் எழுந்ததும் தையல் டேப்பை எடுத்து, முழங்காலுக்குக் கீழே பேனாவால் போட்டுவைத்த கோட்டில் வீக்கம் கூடியிருக்கிறதா என்று இரண்டு காலையும் அளப்பேன். இடது 38 சென்டிமீட்டர், வலது 36. குளித்தால் கோடு அழிந்துவிடும். திரும்பப் போடும்போது கொஞ்சம் மேலே தள்ளிப் போட்டுவிட்டால் 38.5 காட்டும், அன்றைக்கு வேறு எந்த வேலையும் ஓடாது. க்ளாட்டைவிட இந்தப் பயம்தான் என்னை அதிகம் படுத்தியது என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் மூச்சு வாங்கினால் மட்டும் சும்மா இருக்காதீர்கள். சிலருக்குக் கட்டி முழுதாகக் கரையாமல் தழும்பு மாதிரி ரத்தக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு, இதயத்தின் வலது பக்கத்துக்குப் பாரம் ஏற்றிவிடும். நூற்றில் ஓரிருவர், அதிகம் போனால் நான்கு பேருக்குத்தான் வருகிறது, ஆனால் எக்கோவும் (இதய ஸ்கேன்) வி/க்யூ ஸ்கேனும் (நுரையீரலில் காற்றும் ரத்தமும் சரியாகப் போகிறதா என்று பார்ப்பது) எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. எனக்கு இரண்டும் சரியாக இருந்தன. படுத்தே கிடந்ததில் உடம்பு தளர்ந்துபோனதுதான் காரணம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டினேன், சரியாகிவிட்டது.

ஆறாவது மாதம் வந்தது பெரிய கேள்வி: நிறுத்துவதா, தொடர்வதா? ஆபரேஷன், எலும்பு முறிவு என்று ஏதாவது தெளிவான காரணம் இருந்திருந்தால் மூன்று மாதத்தோடு முடிந்திருக்கும். எனக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் மருந்தை நிறுத்தினால் முதல் வருடத்தில் 100 பேரில் 10 பேருக்குத் திரும்ப வருகிறது, ஐந்து வருடத்தில் 25, பத்து வருடத்தில் 36 என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். தொடர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து இருக்கிறது என்பதையும் அதே தாளின் மறுபக்கம் எழுதினார். ஒரு வாரம் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தொடர்கிறேன் என்று சொன்னேன். நான் சாப்பிடும் மாத்திரையான ரிவராக்சபானை 20 மில்லிகிராமிலிருந்து 10க்குக் குறைத்தார். 20ஐ சாப்பாட்டோடுதான் போட வேண்டும், 10க்கு அந்தக் கட்டாயம் இல்லை. சின்ன விஷயம்தான், ஆனால் எனக்குப் பெரிய விடுதலை.

ஒரு முட்டாள்தனமும் செய்தேன். பல் பிடுங்குவதற்காக யாரையும் கேட்காமல் நானே மூன்று நாள் மாத்திரையை நிறுத்தினேன். பல் டாக்டரிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. இப்போது ஊசி, பல், சளி மருந்து எதுவானாலும் முதல் வாக்கியமே "நான் பிளட் தின்னர் சாப்பிடுகிறேன்" என்பதுதான். இபுப்ரூஃபன் என்ற வலி மாத்திரை பக்கமே போவதில்லை.

சாயங்காலம் ஆனால் இடது கால் இன்னும் கனக்கிறது, சாக்ஸ் தடம் ஆழமாக விழுகிறது. டேப்பைத் தேடுவதில்லை. மாத்திரை அட்டையில் மட்டும் ஒவ்வொரு குழிக்கும் பின்னால் கிழமை எழுதிவிடுவேன், போட்டோமா இல்லையா என்ற குழப்பம் வராது. அடுத்த மாதம் வருடாந்தர ரத்தப் பரிசோதனை, ஹீமோகுளோபினும் கிட்னியும் பார்ப்பார்கள். தொடரலாமா என்ற கேள்வியை டாக்டர் அன்றைக்கும் கேட்பார், வருடா வருடம் கேட்கிறார்.