பிளக் பாயிண்டுக்குக் காவல் இருந்தேன்

2021 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைப் பனிப்புயல் தாக்கியிருந்தது. அதிகாலையில் எங்கள் ஹூஸ்டன் வீட்டில் கரண்ட் போனது. விடிந்தும் வரவில்லை. டெக்சாஸ் வீடுகள் வெயிலுக்காகக் கட்டியவை. பல வீடுகளில் தண்ணீர்க் குழாய் பரண் வழியாக ஓடும். உறைந்து வெடித்தால் தண்ணீர் தலைமேல்தான் கொட்டும். மனைவியையும் மகளையும் கரண்ட் இருந்த நண்பர் வீட்டில் விட்டுவிட்டு, பக்கத்துப் பள்ளியின் ஜிம்மில் திறந்திருந்த முகாமுக்கு உதவப் போனேன். அருகில் மருத்துவமனை இருந்ததால் பள்ளிக்கு வரும் லைனில் மட்டும் கரண்டை நிறுத்தவில்லை.

முதலில் வாசலில் நிறுத்தினார்கள். கொரோனா காலம், வருகிறவர்களுக்குக் காய்ச்சல் பார்க்க வேண்டும். ஆனால் குளிரில் நடந்து வந்தவர்களின் நெற்றியில் கருவியைக் காட்டினால் எண்ணே வராது. பத்து நிமிடம் உள்ளே உட்காரவைத்து மறுபடி பார்த்தோம். பெயரும் எத்தனை பேர் என்பதும் போதும், அடையாள அட்டை கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கேட்டிருந்தால் சிலர் அப்படியே திரும்பிப் போயிருப்பார்கள்.

சாப்பாட்டுக்குத்தான் அடிதடி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, பிளக் பாயிண்டுக்கு! போன், பேட்டரி சக்கர நாற்காலி, எல்லாவற்றையும் விட முக்கியமாக ஆக்சிஜன் இயந்திரம். இது தெரியாமல், ஒரு பெரியவரின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த அதே சுவரில் பெரிய காபி மிஷினைச் சொருகினேன். டிரிப் ஆகிவிட்டது. இயந்திரம் 'பீப் பீப்' என்று கத்த, அவர் மனைவி எழுந்து நின்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பள்ளி ஊழியர் ஓடிப்போய் சுவிட்சைத் தூக்கிவிடும்வரை எனக்குத்தான் மூச்சு வரவில்லை. அப்புறம் எந்தப் பிளக்குகள் ஒரே லைனில் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மருத்துவக் கருவிகளுக்கு மட்டும் என்று மஞ்சள் டேப் ஒட்டினேன். மூன்று நாளும் அதுதான் என் வேலை.

செவ்வாய்க்கிழமை தண்ணீரும் நின்றது. கழிவறைக்காகப் பனியை உருக்கிப் பார்த்தோம். ஒரு அண்டா பனிக்கு இரண்டு சொம்பு தேறினால் அதிகம். சரிப்படவில்லை.

அன்றிரவு ஒரு குடும்பம் தலைவலி, வாந்தியோடு வந்தது. வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். நான் போர்வை எடுக்கப் போனேன். கூட இருந்த நர்ஸ், "போர்வை அப்புறம், முதலில் ஆம்புலன்ஸ்" என்றார். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. அந்தப் புயலில் அதற்கும் பலர் பலியானார்கள்.

திங்கள் அதிகாலை மாநில மின்கட்டமைப்பு மொத்தமாக விழ இன்னும் 4 நிமிடம் 37 நொடிதான் மிச்சம் இருந்ததாம். அதைத் தடுக்கத்தான் கரண்டை நிறுத்தியிருக்கிறார்கள். பிறகுதான் படித்தேன்.

வியாழக்கிழமை கரண்ட் திரும்பி, எல்லோரும் மூட்டை கட்டினார்கள். அந்தப் பெரியவரின் மனைவி இயந்திரத்தைக் கழற்றும் முன் ஒருமுறை காபி மிஷினைத் திரும்பிப் பார்த்தார். அது நான்கு பிளக் தள்ளி இருந்தது. தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்.