கறுப்புத் துணி: ஸ்டாக்ஹோம் அரண்மனை நாட்குறிப்பு, 1697

மார்ச் 27

பின்லாந்துத் தபால் இன்றும் இல்லை. கிரிஸ்லேஹாம்ன் கரையில் பனி உடையவும் இல்லை, ஆள் நடக்கத் தாங்கவும் இல்லையாம். தபால் சுமக்கிற குடியானவர்கள் படகைப் பனிமேல் பாதி தூரம் இழுத்து, மீதி தூரம் துடுப்புப் போட்டு ஆலந்துத் தீவுக்குப் போகிறவர்கள். அவர்களே தயங்குகிறார்கள். மகளின் கடைசிக் கடிதம் பிப்ரவரியில் வந்தது.

மார்ச் 29

அரசர் பதினோராம் சார்லஸுக்கு ராத்திரி முழுக்க வயிற்றுவலி. பெரிய ராணி மகனின் கட்டிலருகே உட்கார்ந்தவர் விடியும்போதுதான் எழுந்தார். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். ராணி முன்னால் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது என்று தோழிப் பெண்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான்தான். முழங்கால் வீங்கிவிட்டது.

தபால் இல்லை.

ஏப்ரல் 2, பெரிய வெள்ளி

யாரிடமும் சொல்ல முடியாது, எழுதியாவது வைக்கிறேன். பால்டிக் கடலுக்கு அக்கரையில், லிவோனியாவில் என் கணவருக்கு இருந்த நிலத்தையெல்லாம் எடுத்துக்கொண்டவர் இந்த அரசர்தான். 1680 நாட்டுச் சபையில் முடிவான சட்டம். ஒரு காலத்தில் அரசுக்குச் சொந்தமாக இருந்த நிலம், அதைத் திருப்பி எடுக்கிறோம் என்றார்கள். பழைய பத்திரங்களைப் புரட்டிப் புரட்டியே என் கணவர் போய்ச் சேர்ந்தார். சம்பளத்துக்காகத்தான் நான் இந்த அரண்மனைக்கு வந்தேன். மகளுக்குச் சீர் செய்ய வழியில்லாமல்தான் கடல் தாண்டி, பின்லாந்தில் ஓபூ நகரத்துக்கும் அப்பால் கட்டிக்கொடுத்தேன்.

இன்று அரசரின் முகத்தைப் பக்கத்தில் பார்த்தேன். 41 வயது. கன்னம் ஒட்டிக் கிழவரைப் போல இருக்கிறார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அந்த நேரத்தில் எனக்குக் கோபமே வரவில்லை. அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் வந்தது.

ஏப்ரல் 4, ஈஸ்டர்

மணி அடித்தார்கள். யாரும் பேசவில்லை.

ஏப்ரல் 5

போய்விட்டார்.

ஏப்ரல் 9

கறுப்புத் துணி, கறுப்புத் துணி. காலையிலிருந்து வேறு பேச்சில்லை. சுவர்களுக்கு, வண்டிகளுக்கு, நாற்காலிகளுக்கு, விளக்கேற்றும் பையன் வரை எல்லோருக்கும் வேண்டும். நகரத்துத் துணிக்காரர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். சாயம் சரியாக ஏறாத துணியைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்; ஈர விரலால் தேய்த்தால் கையெல்லாம் பழுப்பு. ராணி எதிரே போகும் என் ஆறு பெண்களுக்கு அந்தத் துணியைக் கொடுக்க மாட்டேன். திருப்பி அனுப்பினேன்.

ஒரு முழம் துணியின் விலைக்கு எவ்வளவு ரை தானியம் வாங்கலாம் என்று மனது கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. அங்கே இரண்டு வருடமாக விளைச்சல் இல்லை. போன வருடம் கதிர் முற்றுவதற்கு முன்பே உறைபனி விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. கேட்க மாட்டாள், அவள் அப்பாவைப் போல.

ஏப்ரல் 14

பெரிய ராணி மறுபடியும் ஆட்சிப் பொறுப்பில், கூட ஐந்து பிரபுக்கள். 1660-ல் கணவர் இறந்தபோது நான்கு வயது மகனுக்காக. இப்போது மகன் இறந்து, 14 வயதுப் பேரனுக்காக. கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. மைக்கூட்டை நகர்த்துவது போல நடுவில் நின்று மறைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 23

தபால் இல்லை.

மே 7

எல்லாம் எரிகிறது. ஆறு பேரில் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள்.

மே 9

ஒரு பிரபுவின் வீட்டில் தங்கியிருக்கிறோம். இந்தத் தாளும் அவர்களுடையது. பழைய ஏடுகள் என் பாவாடைப் பைக்குள் இருந்ததால் பிழைத்தன.

மதியத்துக்கு மேல்தான் தெரிந்தது. பெரிய சபா மண்டபத்துக்கு மேலே பரணில் பிடித்திருக்கிறது. காவலுக்கு இருந்திருக்க வேண்டிய ஆட்கள் அங்கே இல்லையாம். செப்புக் கூரைக்கு அடியில் அவ்வளவும் மரம். ஒரு பக்கம் ஓடிப் பார்ப்பதற்குள் மறுபக்கம் பிடித்துவிட்டது. சின்ன ராஜா பாட்டியின் கையைப் பிடித்துப் படி இறக்கினார். பெரிய ராணியின் கால்கள் நிற்கவில்லை. ட்ரோட்னிங்ஹோல்ம் மாளிகையை வாங்கிய 1661-லேயே அதுவும் எரிந்ததைப் பார்த்தவர். "மறுபடியுமா" என்று ஒரு தரம் சொன்னார், அப்புறம் பேச்சே இல்லை.

அரசரின் உடலைத் தூக்கி வந்துவிட்டார்கள். நான் மாட்டிய கறுப்புத் துணி அத்தனையும் சாம்பல்.

நூலகத்து ஜன்னல்களிலிருந்து புத்தகங்களை வீசினார்கள். பிராகிலிருந்து 1648-ல் கொண்டுவந்த, பிசாசின் படம் போட்ட அந்தப் பெரிய புத்தகத்தையும் அப்படித்தான் தள்ளினார்களாம். மூன்று மகுடங்கள் நின்ற கோபுரம் உள்வாங்கி விழுந்தது.

நான் பெண்களை எண்ணிக்கொண்டே இருந்தேன். ஐந்து. மறுபடியும் ஐந்து. யார் இல்லை என்று தெரிந்தும் எண்ணினேன். இருட்டும்போதுதான் கிடைத்தாள், முற்றத்தில், குமாஸ்தாக்களோடு சேர்ந்து பறந்து கிடந்த ஏடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கரி. அறைந்துவிட்டேன். இத்தனை வருட வேலையில் ஒரு பெண்ணையும் நான் கை ஓங்கியதில்லை. அறைந்த கையாலேயே கட்டிக்கொண்டேன். அவளுக்கு என் மகளின் வயது இல்லை, சாயலும் இல்லை. ஆனாலும் அழுதது மகளுக்காகத்தான்.

மே 10

கறுப்புத் துணி மறுபடியும் வாங்க வேண்டும்.

மே 23, பெந்தெகொஸ்தே

பனி போய்விட்டது. ஓபூவிலிருந்து ஒரு கப்பல் வந்ததாகச் சமையலறையில் பேச்சு. நானே போய் அந்த மாலுமியை விசாரித்தேன். என் பதவியில் இருக்கிறவள் செய்கிற காரியமில்லை, தெரியும். பைன் மரப்பட்டையை இடித்து மாவில் கலந்து ரொட்டி சுடுகிறார்கள் என்றான். மாவு இருக்கிற வீட்டில். இல்லாத வீட்டில் என்று கேட்டேன். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றான்.

ஜூன் 2

ரித்தர்ஹோல்மன் தீவில் ராங்கெல் மாளிகையைத் தயார் செய்வது பற்றிப் பேச்சு நடக்கிறது. அரசரை அடக்கம் செய்யப்போகும் தேவாலயம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ராணியின் படுக்கையறையை மறுபக்கம் வைக்கச் சொல்ல வேண்டும். ஜன்னலைத் திறந்தால் மகனின் கல்லறை கண்ணில் படக் கூடாது.

ஜூன் 11

முழங்கால். இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 18

கட்டடக் கலைஞர் டெஸின் புது அரண்மனைக்கான வரைபடங்களோடு வந்தார். எரிந்து ஆறு வாரம்தான் ஆகிறது, அத்தனை ஜன்னலும் வரைந்தாகிவிட்டது. ராணி ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக, வெளிச்சம் போதவில்லை, விளக்கைக் கொண்டு வா என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். எடுத்து வந்தபோது வாசலில் வேலைக்காரப் பையன் நின்றான். ஓபூ தபால் பை வந்திருக்கிறதாம், என் பெயருக்கு ஒரு கடிதம் இருக்கிறதாம். மேலுறையில் யார் கையெழுத்து என்று கேட்டேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

மாடத்தில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். மணி ஒன்பது. வடக்கு வரிசையின் தாள்கள் இன்னும் பாக்கி. ராணி கூப்பிடுகிறார். போய்விட்டு வந்து