பில்லைப் பாத்து படிங்க: பிளஸ் ஒன் வணிக அமைப்பு முறைகள்

பிளஸ் ஒன் காமர்ஸ்ல நிறைய பேர் கடுப்பாகுற ஏரியா இந்த அமைப்பு முறைகள்தான். தனியாள் வணிகம், இந்து கூட்டுக் குடும்ப வணிகம், கூட்டாண்மை (பார்ட்னர்ஷிப்), நிறுமம் (கம்பெனி), கூட்டுறவுன்னு ஒவ்வொண்ணுக்கும் நன்மை தீமைன்னு பட்டியல் நீளும், மனப்பாடம் பண்ணிட்டுப் போனா ஹால்ல ஒண்ணோட பாயிண்ட் இன்னொண்ணுல போய் உக்காந்துக்கும்.

நான் வீட்டுக்கு வர்ற பில்லை எல்லாம் வச்சுதான் படிச்சேன். பில்லுல ஜிஎஸ்டி நம்பர் 15 எழுத்துல இருக்கும்ல, முதல் ரெண்டு 33ன்னா தமிழ்நாடு, அடுத்த பத்தும் பான் நம்பர். மொத்தத்துல ஆறாவதா வர்ற எழுத்தைப் பாருங்க. 'பி'ன்னா தனிநபர், 'எச்'ன்னா இந்து கூட்டுக் குடும்பம், 'எஃப்'ன்னா கூட்டாண்மை, 'சி'ன்னா கம்பெனி. எங்க தெரு மளிகைக் கடை போர்டுல பேரு என்னமோ பெருசா 'டிரேடர்ஸ்'னு இருக்கும், பில்லுல பாத்தா 'பி'தான், அதாவது அண்ணாச்சியோட சொந்த பான், கடைக்குன்னு தனியா ஒண்ணும் கிடையாது. அப்போ கடை கடன்ல விழுந்தா அவரு வீடு நகை வரைக்கும் போகும், வரையறா பொறுப்புன்னா இதான், இதுக்கு மேல மனப்பாடம் எதுக்கு?

கூட்டாண்மையில இன்னும் மோசம். ஒரு பார்ட்னர் தொழில் பேர்ல நூலை கடனுக்கு எடுத்துட்டு ஓடிப் போயிட்டாலும் மில்லுக்காரன் இன்னொரு பார்ட்னர் வீட்டு வாசல்ல வந்து நிக்கலாம். 1932 கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு கட்டாயம் இல்ல, ஆனா பதிவு பண்ணாத ஃபர்ம் வெளியாள் மேல வசூலுக்கு கேஸ் போட முடியாது, இதை எழுதுனா திருத்துறவருக்கு நீங்க புரிஞ்சு படிச்சிருக்கீங்கன்னு தெரியும்.

நிறுமத்துக்கு சாலமன் கேஸ் ஒண்ணு போதும். லண்டன்ல பூட்ஸ் வியாபாரி, 20,007 பங்குல 20,001 அவரோடது, மீதி ஆறும் வீட்டு ஆளுங்களோடது, அப்பவும் கம்பெனி வேற அவரு வேறன்னு 1896ல தீர்ப்பு (சட்ட அறிக்கையில 1897ன்னு இருக்கும்). எண்ணிக்கை மட்டும் உருப்போட்டுக்கோங்க, வேற வழியில்ல: பிரைவேட்டுக்கு 2 முதல் 200, பப்ளிக்குக்கு குறைஞ்சது 7, கூட்டாண்மைக்கு அதிகபட்சம் 50.

ஒன் மார்க் போறது அரசுத் துறையிலதான். ரயில்வே துறைவாரி அமைப்பு (அரசே ஒரு துறையா நேரா நடத்துறது), திருச்சி பெல் அரசு நிறுமம் (அரசுகிட்ட குறைஞ்சது 51 சதவீதம் பங்கு இருக்கணும்). எல்ஐசி 2022ல ஷேர் மார்க்கெட்டுக்கு வந்துடுச்சுங்கறதுக்காக அதையும் அரசு நிறுமம்னு போட்டுடாதீங்க, 1956ல தனிச் சட்டம் போட்டு உருவாக்குன பொதுக் கழகம் அது. பழைய கைடுல ஏர் இந்தியாவை அரசு நிறுவனம்னே போட்டிருப்பாங்க, அது 2022 ஜனவரியிலயே டாடாகிட்ட போயிடுச்சு. கூட்டுத் துறைக்கு (அரசும் தனியாரும் சேந்து நடத்துறது) உதாரணம் கேட்டா ஓசூர் டைட்டன், டாடாவும் நம்ம தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேந்து ஆரம்பிச்சது.

ஆவின்? பாதி கிளாஸ் அரசு கம்பெனின்னுதான் எழுதும். அது கூட்டுறவு. இந்த ஒண்ணையே மூணு துறைக்கும் உதாரணமா வச்சுக்கலாம்: மாடு வளத்து பால் கறக்குறது முதன்மைத் துறை, பிளான்ட்ல பதப்படுத்தி பாக்கெட் போடுறது இரண்டாம் துறை, பூத்துல விக்கிறது சேவைத் துறை.

அப்புறம் வேறுபாடு கேள்வி வந்தா கட்டாயம் கட்டம் போட்டு எழுதுங்க, பாராவா எழுதாதீங்க.