சிறு நகரத்தின் காலநிலைக் கணக்கு

ஒரு சிறு நகரம் காலநிலைத் திட்டம் வகுக்கும்போது, எரிபொருள், வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம், குப்பையும் கழிவுநீரும் வெளிவிடும் மீத்தேன் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கணக்கெடுத்து, ஓர் அடிப்படை ஆண்டை நிர்ணயித்தால்தான் பின்னாளில் உமிழ்வு (புவியைச் சூடாக்கும் வாயுக்களின் வெளியேற்றம்) குறைந்ததா என்று சொல்ல முடியும். மின்நிலையங்களும் நெடுஞ்சாலைகளும் பெரும்பாலும் நகராட்சியின் அதிகாரத்துக்கு வெளியே இருக்கின்றன. தெருவிளக்கு, குடிநீர் இறைக்கும் மோட்டார், குப்பைக்கிடங்கு போன்றவையே அதன் கையில் உள்ளவை. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டுவதால், மட்கும் குப்பையைப் பிரித்து உரமாக்குவது (இதை வெறும் துப்புரவுப் பணியாகவே பலரும் எண்ணுகிறார்கள்) கணிசமான உமிழ்வுக் குறைப்பாகும்.

தகவமைப்பில், அதாவது மாறிவரும் காலநிலைக்கு ஏற்ப நகரத்தைத் தயார்ப்படுத்துவதில்தான், எனக்குக் கவலை அதிகம். காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதால், பழைய மழைப் பதிவுகளை வைத்து அளவிடப்பட்ட வடிகால்கள் இனிவரும் குறுகிய நேரப் பெருமழைக்குப் போதாமல் போகலாம். வடிகாலை அகலப்படுத்துவதற்கு முன்பாகவே, நீர்நிலைகளிலும் தாழ்நிலங்களிலும் கட்டடங்கள் எழாமல் தடுப்பது செலவு குறைந்த வழி என்பது என் கருத்து. வெப்ப அலை முன்னெச்சரிக்கை, நிழல்மரங்கள், வெண்ணிறக் கூரைகள் ஆகியவற்றை முதியோரும் வெயிலில் உழைப்போரும் மிகுந்த பகுதிகளிலிருந்து தொடங்கி, அவற்றுக்கான தொகையை ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாகவே ஒதுக்க வேண்டும்.