முன் பம்பர்

அக்டோபர் 8

ஐ.சி.யு.வில் அவரைப் பார்க்க மாலை ஐந்தரைக்கு ஒருவர் மட்டும் உள்ளே போகலாம், பத்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் வெளியே நாற்காலி. "வீட்டுக்குப் போய்ப் படுங்கள் அண்ணி, இரவு நான் இருக்கிறேன்" என்று கொழுந்தனார் அனுப்பிவிட்டார். தூக்கம் வரவில்லை. ஷெட் விளக்கைப் போட்டேன். எங்கள் பழைய பத்மினி காரின் முன் பம்பர் கழற்றியபடி சுவரில் சாய்ந்திருக்கிறது. ஸ்பேனர் அவர் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. அலமாரியில் இரண்டு ஸ்ப்ரே டப்பாக்கள். ஒன்று வெள்ளி, ஒன்று கறுப்பு.

பம்பருக்கு எது என்று என்னிடம் சொல்லவே இல்லை.

அக்டோபர் 9

தேய்க்கத் தொடங்கிவிட்டேன். 400 நம்பர் வாட்டர் பேப்பர், சோப்புத் தண்ணீர். காய்ந்த தாளால் தேய்க்காதே, தூசி மூச்சுக்குள் போகும் என்பார்.

பம்பரில் குரோம் என்று நாம் பார்ப்பது மேலே இருக்கும் ஒரு மெல்லிய படலம்தான், ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதற்கு அடியில் நிக்கல், அதற்கும் அடியில் இரும்பு. கண்ணுக்குத் தெரியாத துளை வழியாக ஈரம் இறங்கி, துரு உள்ளே இருந்து மேலே வருகிறது. வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அரித்துக்கொண்டிருக்குமாம். இதை எழுதும்போது கை நின்றுவிட்டது.

அக்டோபர் 10

அவருக்குக் காய்ச்சல் 102. தேய்க்கவில்லை.

அக்டோபர் 12

600 நம்பர் தாளும் முடிந்தது. பளபளப்பு முழுதும் போய்ச் சாம்பல் நிறம் வர வேண்டும். வழவழப்பான இடம் ஒரு விரலகலம் மிஞ்சினாலும் அங்கே பெயின்ட் பிடிக்காமல் தோலாக உரியும். மூலைகளில் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷைப் பயன்படுத்தினேன். சாயங்காலம் அவர் கையைப் பிடித்திருந்தபோது நர்ஸ் என் நகங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 13

தின்னரால் துடைத்துவிட்டு, அடிப்பூச்சான ப்ரைமர் அடித்தேன். அடித்த இரண்டாவது நிமிடமே, எண்ணெய்ப் பாத்திரத்தில் தண்ணீர் விலகுவதுபோல் வட்ட வட்டமாக விலகியது. ஒன்றிரண்டு அல்ல, பம்பர் முழுக்க. உட்கார்ந்து அழுதேன்.

பெயின்டர் அண்ணனுக்குப் போன் செய்தேன். "பாலிஷ் போடுவாரா அம்மா?" என்றார். போடுவார். இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும், பழைய பனியன் துணியால், ஒரு வாரம்கூடத் தவறாமல். அந்தப் பாலிஷில் இருக்கும் சிலிக்கோன் துருக்குழிகளுக்குள் தங்கிவிட்டதாம். தேய்க்கும் முன்பே துடைத்திருக்க வேண்டும். நான் தாளால் அதை இன்னும் உள்ளே அழுத்தியிருக்கிறேன். இனி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம்தான் மாறும்.

அவர் பார்த்துப் பார்த்துத் தடவியதை நான் இன்று துணி துணியாக எடுத்துக்கொண்டிருந்தேன். பதினோரு துணி.

அக்டோபர் 15

பெங்களூரிலிருந்து மகன் பேசினான். வண்டியை இப்போதே கொடுத்துவிடலாமா என்றான். "இப்போதே" என்ற சொல்லை அவன் எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று கேட்கவில்லை. என் மாமனார் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி அது.

அக்டோபர் 17

மழை.

அக்டோபர் 18

மழை. வாயில் குழாய் இருக்கிறது, பேச முடியாது. வெள்ளி என்றால் கண்ணை ஒருமுறை மூடுங்கள், கறுப்பு என்றால் இருமுறை என்று கேட்டேன். மூடினார், திறக்கவில்லை. அது பதிலா, மயக்கமா?

அக்டோபர் 20

தீபாவளி. ஷெட் பக்கம் அகல் வைக்கவில்லை. டப்பாவிலிருந்து வரும் வாயு சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

அக்டோபர் 23

காலையில் இரண்டு மணி நேரம் வெயில். ப்ரைமர் பிடித்துவிட்டது! டப்பா பம்பரிலிருந்து ரொம்பத் தள்ளியும் வேண்டாம், ஒட்டியும் வேண்டாம், ஒரு சாண் தூரத்துக்குச் சற்று அதிகம். பம்பருக்கு வெளியே பொத்தானை அழுத்தி, கடந்துபோய், வெளியேதான் விட வேண்டும். நடுவில் நின்றால் அங்கே வழியும். காய்ந்த பிறகு டேப் ஒட்டி இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் உரியவில்லை.

கறுப்புதான் இப்போது எல்லோரும் அடிக்கிறார்கள், தவறும் தெரியாது என்கிறார் பெயின்டர் அண்ணன். அந்த டப்பாவைக் கையில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அக்டோபர் 24

வெள்ளி டப்பாதான். மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிட இடைவெளி. மூன்றாவது அடிக்கும்போது வானம் மூடிவிட்டது. வலது முனை பால் படிந்ததுபோல் வெளுத்தது. காற்றில் இருக்கும் ஈரம் பெயின்ட்டில் இறங்கிவிட்டது. அந்த ஒரு சாண் இடத்தைத் திரும்பத் தேய்க்க வேண்டும்.

குரோம்போல இது முகம் காட்டாது. வெளியே கிளம்பும் முன் அவர் குனிந்து அதில்தான் தலையைச் சரிசெய்துகொள்வார்.

அக்டோபர் 27

குழாயை எடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 30

வார்டுக்கு வந்துவிட்டார். தொண்டை கரகரப்பு. கஞ்சி ஊட்டினேன். மூன்றாவது ஸ்பூனில் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "தின்னர்" என்றார். காலையில் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிய கை.

"எந்த டப்பா?"

வெள்ளி என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். ஒருமுறைதான்.

நவம்பர் 1

வெயில். வலது முனையைத் தேய்க்கப் போகிறேன்.